நாடியை விடாத சைக்கிள்

முன் அறையில் உடற்பயிற்சிச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்ட வேண்டிய லதுஷாவோ குசினியில், கணவன் அனோஜனின் கண்ணுக்கு முன்னால், தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணிக் கோப்பை உதட்டைத் தொட்ட இடத்திலேயே அவன் கை நின்றது. ஹந்தானைச் சரிவில் மழை விட்டுக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. கூரைத் தகரத்தில் இருந்து சொட்டும் தண்ணீர், பின்பக்கத்துப் பலா மரத்தில் கூச்சல் போடும் குருவிகள், திருவலையின் கரகரப்பு, இவை எல்லாவற்றுக்கும் அடியில், எண்ணெய் போட்ட சங்கிலி பல்லில் ஏறி இறங்குகிற அந்த மெல்லிய சரசரப்பு ஒரு சுற்று, பிறகு ஒரு சுற்று என்று அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? மாதக்கணக்காக அதோடு குடித்தனம் நடத்தியவன் அவன்.

"லது, சைக்கிளில ஆர் இருக்கினம்?"

"ஆர் இருக்கிறது? அழகம்மாக்கா கடைக்குப் போயிட்டா. வீட்டில நானும் நீங்களுந்தான்."

போய்ப் பார்த்தான். இருக்கை வெறுமையாக இருந்தது. பெடல்கள் இரண்டும் ஒன்று ஏற ஒன்று இறங்கச் சுற்றிக்கொண்டிருந்தன. முன்னால் இருந்த சின்னத் திரையில் பச்சை நிறத்தில் எழுபத்தெட்டு. ஒரு கணம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுகணம் காரணம் விளங்கிவிட, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினான்.

"நெஞ்சுப் பட்டியைக் கழட்டினீரே?"

அவள் வீட்டுச் சட்டைக்கு மேலாக நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "ஐயோ, மறந்தே போனன்."

அவ்வளவுதான் விஷயம். அவள் நெஞ்சில் இருந்த பட்டி அவளுடைய நாடியைச் சைக்கிளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சைக்கிளும் நல்ல பிள்ளையாக அதற்கு ஏற்றபடி ஓடிக்கொண்டிருந்தது. தான் செய்த சாமான் சொன்னபடி வேலை செய்கிறது என்று பெருமைப்பட வேண்டியவன் பயந்து நின்றதை நினைத்து அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கண்டியில் வீடு எடுக்கிறவர்கள் காட்சியைப் பார்த்து எடுப்பார்கள். வீட்டில் ஒருவருக்கு இதயம் பழுதான பிறகுதான், வாசலில் இருந்து எந்தப் பக்கம் காலை வைத்தாலும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம் என்பது உறைக்கும். சமதரையில் நடக்க ஆசைப்பட்டால் ஏரிக்கரைக்குப் போகலாம். போனால் திரும்பி ஏறி வர வேண்டும். லதுஷாவுக்குப் போன வருடம் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. போகும்போது அது இதயத் தசையின் பலத்தில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்கிய ரீச்சர், இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி வேண்டும், ஆனால் நாடி நூற்றுப்பத்தைத் தாண்டவே கூடாது என்றார் டொக்டர். இந்த மலையில் அது எப்படி நடக்கும் என்று அவர் சொல்லவில்லை.

அனோஜனுக்குத் தொழிலே உடற்பயிற்சி இயந்திரங்கள் வடிவமைப்பதுதான். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்னக் கம்பனி. வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்து மலிவாகச் செய்து ஜிம்களுக்கு விற்பார்கள். அவன் லதுஷாவுக்காக மட்டும் ஒன்று செய்தான். இரும்புச் சட்டத்தை வெல்டிங் கடை ஃபாஸில் ஒட்டிக் கொடுத்தார். மிச்சமெல்லாம் அனோஜனின் மூளை. பட்டியில் நாடி வரும்வரை மோட்டர் அதற்கு ஏற்றபடி பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்கும்; நாடி கூடினால் பெடல் இளகும். இன்னும் கூடினால் மோட்டரே முழு வேலையையும் செய்யும், கால் சும்மா கூடவே போனால் போதும். நாடி இறங்கினால் மறுபடி மெல்ல இறுகும். கரண்ட் போனால் ஓடுவதற்கு ஒரு பழைய கார் பற்றரியும் பூட்டினான். அவள் தினமும் பட்டியை ஈரமாக்கி, அதன் ஓரத்தில் திருநீற்றைத் தொட்டு வைத்துவிட்டுத்தான் கட்டிக்கொள்வாள்.

ஒரேயொரு குறை இருந்தது. பட்டி காய்ந்து சிக்னல் விட்டுப்போனால் சைக்கிள் சட்டென்று நின்றுவிடும். கால் இழுபடும், அவள் திடுக்கிட்டுப் போவாள், திடுக்கிடத்தான் கூடாதே!

"நடுவழியில என்னை விட்டிட்டுப் போற மாதிரி இருக்கப்பா," என்றாள் ஒருநாள், கண் கலங்கி.

அந்தக் கண்ணீரைப் பார்த்தபிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்கே புரோகிராமில் ஒரு விதி சேர்த்தான். சிக்னல் தவறினால் கடைசியாகக் கிடைத்த நாடியைப் பிடித்துக்கொள்; அதிலேயே ஓடு. எவ்வளவு நேரத்துக்குப் பிறகு விட வேண்டும் என்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் இருந்தான். அதற்குள் லதுஷா சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் சமைத்து வெகு காலமாகியிருந்ததால் அந்தச் சந்தோஷத்தில் எழும்பிப் போனவன் பிறகு அதை மறந்துபோனான்.

அவள் தேங்காய் திருவிய நாளுக்கு மறுநாள், பட்டி ஜன்னல் ஓரத்து ஆணியில் தொங்கியது. காய்ந்து, சுருங்கி, வெயிலில் போட்ட வாழைநார் போல. லதுஷா மாமரத்தடியில், உதவிக்கு வருகிற அழகம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுதிய விதிப்படி அது ஓடத்தான் வேண்டும். ஆனால் பிடித்த எண்ணிலேயே ஓட வேண்டும். திரையில் இருந்த எண்ணோ மாறிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு. எழுபத்தாறு. முற்றத்தில் அவள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். தொண்ணூறு.

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துப் பற்றரியின் வயரையும் கழற்றினான். பெடல் நின்றது. அறை திடீரென்று பெரிதானதுபோல இருந்தது. வெளியே சிரிப்பும் நின்றது.

"மிஸ்! என்னங்க மிஸ், உக்காருங்க, இங்க உக்காருங்க!" அழகம்மாவின் குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் லதுஷா மரத்தின் வேரில் சாய்ந்திருந்தாள்; உதட்டில் நிறமே இல்லை. தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினான். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுக்க முன் அறைக்கு ஓடியவன், அதைச் செருகச் சுவரின் சுவிட்சைப் போட்டான். சைக்கிளுக்கும் அதே சுவிட்ச்தான். பெடல் அசைந்தது. கட்டிலில் இருந்து நீளமான ஒரு மூச்சு கேட்டது.

"இப்ப ஒண்டும் செய்யேல்லை," என்றாள் லதுஷா. "சும்மா தலை சுத்தினது."

அன்றைக்கு அவன் இரண்டையும் முடிச்சுப்போடவில்லை. போட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. பற்றரியின் வயரை மட்டும் ஏனென்று தெரியாமலே திரும்பப் பூட்டிவைத்தான்.

பேராதனையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது, நாடி இவ்வளவு ஒழுங்காக அடித்து இதுவரை பார்க்கவில்லை என்று டொக்டர் மெச்சினார். மணிக்கூடு மாதிரி என்றார். லதுஷா மலர்ந்து போனாள். வரும் வழியில் பஸ் ஜன்னலோரம் இருந்து கச்சான் கடலை கொறித்தாள். அனோஜன் தன் பங்குக் கச்சானையும் அவள் மடியிலேயே போட்டான். அவன் போகும்போது சைக்கிளை நிறுத்தாமல் விட்டுவிட்டுத்தான் போயிருந்தான்.

முதலில் வாய்விட்டுச் சொன்னது அழகம்மாதான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்து தினமும் நடந்து வந்து, லதுஷாவுக்குச் சுகமில்லாமல் போன நாள் முதல் வீட்டுவேலையில் உதவுகிறவள். பகிடி இல்லாமல் ஒரு பேச்சும் பேசமாட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"சார், கோவிச்சுக்காதீங்க. மிஸ் மத்தியானம் தூங்கிறப்ப பக்கத்துல ஒக்காந்து கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தேன். மிஸ் மூச்சும் அந்த மிஷினும் ஒண்ணாவே போகுதுங்க. அது சுத்து கொறைஞ்சா, இவங்க மூச்சு கொறையுது. எனக்குப் பயமாருக்குங்க சார்."

"அவவின்ர நாடிக்கு ஏத்த மாதிரித்தானே அது சுத்தும், அழகம்மாக்கா. அப்பிடித்தான் செய்து வச்சிருக்கிறன்."

"இல்லீங்க சார்." அவள் குரல் இறங்கியது. "மொதல்ல அது கொறையுது. அப்புறம்தான் இவங்க."

அவள் போனபிறகு அனோஜன் சைக்கிளுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தான். மசகெண்ணெயும் இரும்பும் கலந்த வாசம். அதற்குள் இன்னொன்று, காய்ச்சல்காரரின் தலையணை வாசம், லேசாக. திரையில் எண் ஏறியது. எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு. குசினியில் ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் லதுஷா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனெண்டு தெரியேல்லை, இளைக்குது. சும்மாதான் நிண்டனான்."

"இரும். கதிரையில இரும்." அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

அவள் குசினிக்குள் போய் உட்காரும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தான். பிறகு, செய்யக்கூடாது என்று தெரிந்தே, பெடலில் கையை வைத்தான். சூடாக இருந்தது. இரும்பு வெயிலில் சுடுகிற சூடு இல்லை, உள்ளங்கையின் சூடு. கொஞ்சம் வேகமாகச் சுற்றினான்.

குசினியில் பீங்கான் ஒன்று விழுந்து உடைந்தது.

மெதுவாக்கினான். முனகல் கேட்டது.

பிடித்து நிறுத்தினான். மூச்சு ஒன்று இழுபட்டு, பாதியில் நின்றது. அப்படியே நின்றது. அவன் கையை உதறி எடுத்தான். பெடல் தானாகப் புறப்பட்டது. அந்த மிச்சப் பாதி மூச்சு குசினியில் இருந்து வந்து சேர்ந்தது.

அவன் தரையில் இருந்து அழுதான். பிள்ளை அழுவதுபோல, சத்தம் போட்டு. எத்தனை இயந்திரம் செய்தவன்! இதில் எந்த வயரைத் தொட்டாலும் அது அவளுடைய உயிரில் போய் முடிகிறது. புரோகிராமை மாற்ற வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அவள் இல்லை.

லதுஷா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலில் பீங்கான் வெட்டி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பெடல் கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி.

"எனக்குத் தெரியும்," என்றாள். "கன நாளாத் தெரியும். அது நிண்டா நானும் நிக்கிறன்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் நித்திரை கொள்ளமாட்டியள்." அவன் தலையைக் கோதிவிட்டாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. "ஒண்டு கேக்கிறன். எண்டைக்காவது அது தானா நிண்டா, விட்டிடுங்கோ. என்னைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு இருக்காதேங்கோ. சரியோ?"

அவன் எழும்பிப் போய்ப் பற்றரியின் வயரை இன்னொருமுறை முறுக்கி இறுக்கினான்.

ஐப்பசி பிறந்தது. கண்டியில் அந்த மாதம் பகல் சாப்பாடு முடிந்து கை கழுவினால் இடிமழை வந்துவிடும். அனோஜன் வேலைக்குப் போவதை விட்டிருந்தான். வானம் கறுக்கும்போதெல்லாம் பற்றரியின் வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். புதுப் பற்றரி ஒன்று கொண்டுவந்து தருவதாக ஃபாஸில் சொல்லியிருந்தார், நாளைக்கு என்று.

அன்றைய மழை மற்ற நாள் மழை மாதிரி இல்லை. முதலில் ஹந்தானை உச்சி மறைந்தது, பிறகு தேயிலைச் சரிவு, பிறகு பக்கத்து வீடு, பிறகு முற்றத்து மாமரமும். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கூரைத் தகரத்தில் விழுகிற மழையின் இரைச்சலில் மனிதர் பேசுவது கேட்கவில்லை, சங்கிலியின் சரசரப்பு மட்டும் எப்படியோ கேட்டது. எங்கோ கீழே மரமொன்று முறிந்து விழுந்த சத்தம் வயிற்றில் அதிர்ந்தது. விளக்கு அணைந்தது.

பற்றரி எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம்.

லதுஷாவைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாய்கதிரையில் இருத்திப் போர்வையால் மூடியிருந்தான். பெடல் தளர்வது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னே அவளுடைய கண்கள் செருகத் தொடங்கின. அனோஜன் பாய்ந்து பெடலைப் பிடித்தான். சுற்றினான். கையால்.

"சார், நான் ரோட்டுக்குப் போய் ஏதாச்சும் வாகனத்த மறிக்கிறேன்!" அழகம்மா ஒரு பொலித்தீன் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள். ஓடியவளை மழை விழுங்கிவிட்டது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

சுற்றினான். ஒரு சுற்று, பிறகு ஒரு சுற்று. வேகமாகிவிடக் கூடாது. மெதுவாகிவிடவும் கூடாது. தோள் எரிந்தது. கை மாற்றினான், மாற்றுகிற அந்த இமைப்பொழுதில் அவள் தலை தொங்கி நிமிர்ந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. வாசலைப் பார்த்தான். மழை. மறுபடி பார்த்தான். மழை.

இருட்டிக்கொண்டு வந்தது. அழகம்மா வரவில்லை. ஒருவரும் வரவில்லை.

"அனோ."

"பேசாதையும். மூச்சை மிச்சம் பிடியும்."

"போதும்." பெடல் கீழே வரும்போதுதான் சொல் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு சொல். "எனக்கு. குளிருது. விடுங்கோ."

"இன்னும் கொஞ்சம். இப்ப வந்திடுவினம்."

"நான். எப்பவோ. போயிட்டன். அனோ."

ஒரு கையால் சுற்றியபடி மற்றக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தேடினான். ஐஸ் கட்டி. நாடியைத் தேடினான். இல்லை. கழுத்தில் தேடினான். இல்லை. சுற்றுவதை விடாமலே உடம்பை வளைத்து, காதை அவள் நெஞ்சில் வைத்தான்.

இதயம் அடிக்கவில்லை. உள்ளே, ஆழத்தில், எண்ணெய் போட்ட சங்கிலி பல்லில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"விடுங்கோ," என்றது அவள் வாய்.

அவன் அவளைப் பார்த்தான். இவளை விட்டால் உலகத்தில் தனக்கு ஒருவரும் இல்லை என்று நினைத்தான். இவளை இப்படி வைத்திருப்பது பாவம் என்றும் நினைத்தான். இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சை அறுத்தன. கடைசியில், அவள் கேட்ட அந்த ஒன்றையாவது கொடுப்போம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை எடுத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தான். பெடல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கரண்ட் இல்லை. பற்றரியின் வயரைப் பிடுங்கினான். சுற்றின. இரண்டு கையாலும் பெடலைப் பிடித்துத் தொங்கினான். அது அவனையும் தூக்கித் தரையில் எறிந்துவிட்டுச் சுற்றியது. திருப்புளியைச் செருகி நெம்பினான். சங்கிலி அறுந்து, கறுப்பு எண்ணெயோடு, பாம்புபோல் அவன் மடியில் விழுந்தது.

சங்கிலி மடியில் கிடந்தது. சரசரப்போ அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சாய்கதிரையின் பக்கமிருந்து.

உயிரில்லாத திரை பச்சையாக ஒளிர்ந்தது. எழுபத்தெட்டு. ஆணியில் தொங்கிய காய்ந்த பட்டி, நெஞ்சொன்றைச் சுற்றிக் கட்டியதுபோல விரிந்து, சுருங்கி, விரிந்தது.

"விடச் சொன்னனே," என்றாள் லதுஷா. ஒரு சுற்றுக்கு ஒரு சொல் இல்லை இப்போது. சீராக, களைப்பே இல்லாமல். "ஏன் அது விடுகுதில்லை?"

எப்போது விட வேண்டும் என்று அதற்கு அவன் எழுதவே இல்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவள் கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் இரண்டும், ஒன்று ஏற ஒன்று இறங்க, மிதித்துக்கொண்டிருந்தன.